பேஸ்பாலில் ‘இன்னும் தயாராகவில்லை’ என்றால் என்ன பொருள்? மார்ச் மாதச் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் 172 நாள் கணக்கு

அமெரிக்க பேஸ்பாலில் மார்ச் கடைசி வாரம் வந்தால் ஒரே மாதிரியான செய்தி ஒன்று தவறாமல் வரும். பயிற்சி ஆட்டங்களில் வெளுத்து வாங்கிய 21, 22 வயது வீரர் ஒருவரைக் கிளப் மைனர் லீகுக்கு (மேஜர் லீகுக்குக் கீழே உள்ள போட்டிகள்) அனுப்பிவிடும். ‘ஃபீல்டிங்கில் இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது’ என்று காரணம் சொல்லப்படும். இரண்டு மூன்று வாரத்தில் அதே வீரர் மேஜர் லீக் மைதானத்தில் நிற்பார். இடையில் வீரரின் ஏஜென்ட் கிளப்பைத் திட்டியிருப்பார், வீரர் சங்கம் அறிக்கை விட்டிருக்கும், ரசிகர்களில் ஒரு பகுதியினர் ‘வருவதற்கு முன்பே பணத்தைப் பற்றிப் பேசுகிறான்’ என்று வீரரையே குறை சொல்லியிருப்பார்கள்.

இந்தச் சர்ச்சையில் வீரரின் குணத்துக்கு வேலையே இல்லை. கிளப்புகளும் வீரர் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள ஓர் எண்தான் இதைக் கிளப்பிவிடுகிறது. அந்த எண் தெரிந்தால் மார்ச் மாதச் செய்திகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முகாமில் யார் யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி நடுவில், சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமான ஸ்பிரிங் ட்ரெயினிங் தொடங்குகிறது. 30 அணிகளில் 15 அணிகள் ஃப்ளோரிடாவில் கூடும். அங்கே நடக்கும் ஆட்டங்களுக்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்று பெயர். மற்ற 15 அரிசோனாவில். அது கேக்டஸ் லீக். ஒவ்வொரு முகாமிலும் சுமார் 60 வீரர்கள் இருப்பார்கள். இவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. 26 பேர் பட்டியல்: சீசன் தொடங்கும் நாளில் மேஜர் லீக் சீருடை போடுபவர்கள். 2020க்கு முன் இது 25 ஆக இருந்தது.

2. 40 பேர் பட்டியல்: அந்த 26 பேரும், மேஜர் லீக் ஒப்பந்தம் இருந்தும் மைனர் லீகில் ஆடுபவர்களும். இவர்களைக் கீழே அனுப்புவதற்கு ஆப்ஷன் செய்வது என்று பெயர். ஒரு வீரரை பொதுவாக மூன்று சீசன்களில்தான் ஆப்ஷன் செய்ய முடியும். அந்த மூன்றும் தீர்ந்த பிறகு அனுப்ப வேண்டுமானால், மற்ற 29 அணிகளும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தரும் வெய்வர் முறையைத் தாண்டியாக வேண்டும்.

3. பட்டியலில் இல்லாத அழைப்பாளர்கள்: மைனர் லீக் ஒப்பந்தத்தோடு முகாமுக்கு வருபவர்கள். பழைய கைகளும் இருப்பார்கள், புத்தம் புதிய நட்சத்திரங்களும் இருப்பார்கள். இவர்களைக் கீழே அனுப்பினால் அது ஆப்ஷன் ஆகாது; ‘மைனர் லீக் முகாமுக்கு மாற்றம்’ என்றுதான் செய்தியில் வரும்.

இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலான செய்திகள் கண்டுகொள்வதில்லை. பணக் கணக்கில் அதுதான் முக்கியம்.

நாள் எப்படி ஆண்டாகிறது?

மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீரரின் கணக்கில் வரவு வைக்கப்படும். இதைத்தான் சர்வீஸ் டைம் என்கிறார்கள். ஆடினாரா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா என்பது பொருட்டே இல்லை. காயம்பட்டு மேஜர் லீக் காயப் பட்டியலில் இருந்தாலும் நாள் ஓடும். மைனர் லீகில் காயம்பட்டால் ஓடாது.

ஒரு சீசன் சுமார் 186 நாள் நீளம். அதில் 172 நாள் சேர்ந்தால் ஒரு முழு ஆண்டு. 186 நாளும் இருந்தாலும் 172க்கு மேல் வரவு கிடையாது. இந்த ஆண்டுகள்தான் வீரரின் வருமானத்தைப் படிப்படியாகத் தீர்மானிக்கின்றன.

1. முதல் மூன்று ஆண்டு: சம்பளத்தைக் கிளப்தான் முடிவு செய்யும். குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போக முடியாது, அவ்வளவுதான். அந்தக் குறைந்தபட்சம் 2025இல் 7.6 லட்சம் டாலர்.

2. மூன்று முதல் ஆறு ஆண்டு வரை: ஆர்பிட்ரேஷன். கிளப் ஒரு தொகையைச் சொல்லும், வீரர் ஒரு தொகையைச் சொல்வார். உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்; நடுவே ஒரு தொகையை வைக்க அதற்கு அதிகாரம் இல்லை. இரண்டு ஆண்டு முடித்து மூன்றை எட்டாதவர்களில் அதிக நாள் சேர்த்திருக்கும் முதல் 22 சதவீதத்தினருக்கு இந்த உரிமை ஓராண்டு முன்னதாகவே கிடைக்கும். அவர்களை சூப்பர் டூ என்பார்கள்.

3. ஆறு ஆண்டு முடிந்ததும்: ஃப்ரீ ஏஜென்சி. அன்றுதான் முதல்முறையாக எந்த அணியோடும் விலை பேசலாம்.

இனி கணக்குக்கு வருவோம். 186 நாள் சீசனில் முதல் 15 நாள் ஒருவரைக் கீழே வைத்துவிட்டு 16ஆம் நாள் அழைத்தால் அவர் கணக்கில் சேர்வது 171 நாள். ஓர் ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளுக்காக அவருடைய ஃப்ரீ ஏஜென்சி முழுதாக ஓராண்டு தள்ளிப்போகிறது. கிளப்புக்கு ஆறு சீசனுக்குப் பதில் கிட்டத்தட்ட ஏழு சீசன் கிடைக்கிறது. அந்த ஏழாவது சீசனில் வீரருக்கு 27, 28 வயது, அதாவது ஆட்டத்தின் உச்சம். ஏப்ரல் மாதத்தின் பத்துப் பதினைந்து ஆட்டங்களைக் கொடுத்து உச்சகட்ட ஆண்டு ஒன்றை வாங்குகிறார்கள்.

40 பேர் பட்டியலில் இருப்பவருக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. ஒரு சீசனில் அவர் ஆப்ஷனில் கழித்த நாள்கள் மொத்தம் 20க்குக் குறைவாக இருந்தால் அந்த நாள்களும் சர்வீஸ் டைமில் சேர்க்கப்படும். பட்டியலில் இல்லாத அழைப்பாளருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும் எதிர்பார்ப்போடு வரும் இளம் வீரர் ஏன் அழைப்பாளராகவே முகாமுக்கு வருகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரிஸ் பிரையன்ட்: 2015இன் கணக்கு, நாள் நாளாக

சிகாகோ கப்ஸ் 2013 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த மூன்றாம் பேஸ் வீரர் கிரிஸ் பிரையன்ட். 2015 ஸ்பிரிங் ட்ரெயினிங்கில் 40 முறை மட்டை பிடித்து 9 ஹோம் ரன் அடித்தார், பேட்டிங் சராசரி .425 (ஆயிரத்துக்கு 425 முறை வெற்றிகரமான அடி). மார்ச் 30 அன்று அவரை மைனர் லீகின் உச்சப் படியான ட்ரிபிள்-ஏவில் ஆடும் அயோவா அணிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் மேம்பட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போரஸ் பகிரங்கமாகச் சண்டைக்கு வந்தார். கிளப்பின் பேஸ்பால் தலைவர் தியோ எப்ஸ்டீன் இது ஆட்டம் சார்ந்த முடிவுதான் என்று நின்றார்.

நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்ப்போம். கப்ஸின் முதல் ஆட்டம் ஏப்ரல் 5. சீசன் முடிந்தது அக்டோபர் 4. இரண்டு நாளையும் சேர்த்தால் 183. பிரையன்ட் அழைக்கப்பட்டது ஏப்ரல் 17. அன்று முதல் எண்ணினால் ஏப்ரலில் 14, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 4. கூட்டினால் 171. ஏப்ரல் 16 அன்று அழைத்திருந்தால் 172 ஆகியிருக்கும். அணி அவர் இல்லாமல் ஆடியது வெறும் 8 ஆட்டம்.

அந்த ஆண்டு அவர் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம். அடுத்த ஆண்டு லீகின் எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த வீரர்; 1908க்குப் பிறகு கப்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை வென்றதும் அந்த ஆண்டுதான்.

வீரர் சங்கம் அவர் சார்பில் முறையீடு செய்தது. தீர்ப்பு 2020 ஜனவரி கடைசியில்தான் வந்தது, முறையீடு தள்ளுபடி. இது ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பணத்துக்காகத்தான் வீரரைக் கீழே வைத்தார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழுகிறது. கிளப்போ நம்பத்தகுந்த ஓர் ஆட்டக் காரணத்தைக் காட்டினால் போதும். ‘ஃபீல்டிங்கில் குறை’ என்பதை அளவுகோல் வைத்து அளந்து பொய் என்று காட்ட முடியாது. போதாக்குறைக்கு, அழைக்கப்பட்ட நேரத்தில் மூன்றாம் பேஸில் ஆடிய மைக் ஓல்ட் மணிக்கட்டில் காயம்பட்டிருந்தார். ஆள் தேவைப்பட்டது என்று சொல்ல வழி இருந்தது.

பிரையன்ட்டின் கதையில் பலரும் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. 171 நாள் என்பது சூப்பர் டூவுக்கு எளிதில் போதும். அதனால் அவருக்கு மூன்றுக்குப் பதில் நான்கு முறை ஆர்பிட்ரேஷன் உரிமை கிடைத்தது. 2018இல் 1 கோடியே 8.5 லட்சம் டாலர் வாங்கினார். 2021இல் 1 கோடியே 95 லட்சம். அதாவது கிளப்புக்கும் செலவு கூடியது. ஆனால் அவரை விற்கும் உரிமை கிளப்பின் கையிலேயே இருந்தது. 2021 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார்கள். 2022 மார்ச்சில்தான் அவர் கொலராடோவோடு ஏழு ஆண்டுக்கு 18.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

2020 முடிவிலேயே சந்தைக்கு வந்திருந்தால் அவருக்கு நஷ்டமாகியிருக்கலாம். கொரோனாவால் சுருங்கிய அந்த சீசனில் அவர் அடித்தது .206 தான். ஆனால் எப்போது சந்தைக்கு வருவது என்ற அபாயத்தை எடுக்கும் உரிமை அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அதைத்தான் அந்த ஒரு நாள் பறித்தது.

கையெழுத்து விழுந்ததும் மாறும் முடிவு

ஆட்டத் திறன்தான் காரணமா, ஒப்பந்தம்தான் காரணமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சர்வீஸ் டைம் கவலையை நீக்கிவிட்டால் கிளப் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

2019 மார்ச் 13 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் ஈலோய் ஹிமேனெஸை ட்ரிபிள்-ஏவுக்கு ஆப்ஷன் செய்தது. ஒன்பது நாள் கழித்து அவர் ஆறு ஆண்டுக்கு 4.3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகும் இரண்டு ஆண்டு அவரை வைத்துக்கொள்ளும் விருப்ப உரிமை கிளப்புக்கு. சீசன் தொடக்க நாளில் அவர் அணியில் இருந்தார். ஒன்பது நாளில் எந்த வீரரின் திறமையும் தலைகீழாக மாறாது. மாறியது கிளப்பின் தேவை: எட்டு ஆண்டு வரை உறுதியான பிறகு 172 நாளை எண்ண அவசியமில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். ஹூஸ்டன் 2013இல் ஜார்ஜ் ஸ்பிரிங்கருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்ததாகவும் அவர் மறுத்ததாகவும் செய்தி வந்தது. சீசன் தொடங்கிய பிறகே, 2014 ஏப்ரல் 16 அன்று, அவர் மேஜர் லீகில் இறங்கினார்; அந்த ஆண்டு அவர் கணக்கு 172ஐ எட்டவில்லை. அதனால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனது 2019இல் அல்ல, 2020 முடிவில். ஆறு ஆண்டுக்கு 15 கோடி டாலர் தந்து டொராண்டோ எடுத்துக்கொண்டது.

வழக்கமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை ஒருவர் சொன்னது 2021 பிப்ரவரியில். சியாட்டில் மரினர்ஸ் தலைவர் கெவின் மேதர், ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில், தன் அணியின் இளம் வீரர் ஜாரெட் கெலெனிக் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்ததைப் பற்றியும், இளம் வீரர்களின் சர்வீஸ் டைம் ஓடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். இன்னொரு இளம் வீரர் ஹூலியோ ரோட்ரிகேஸின் ஆங்கிலத்தைக் குறை சொன்னார். ஜப்பானிய வீரர் இவாகுமாவின் மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவைப் பற்றியும் புலம்பினார். வீடியோ பரவியது, பிப்ரவரி 22 அன்று பதவி விலகினார். கெலெனிக்கும் அதே அணியின் இளம் பிட்சர் லோகன் கில்பர்ட்டும் ஒரே நாளில், மே 13 அன்று, மேஜர் லீகில் அறிமுகமானார்கள். தலைவர் போனார், கணக்கு போகவில்லை.

பயிற்சி ஆட்டப் புள்ளிவிவரத்தை எவ்வளவு நம்பலாம்?

மிகக் குறைவாக. ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து வீசுபவர்களில் பலர் மைனர் லீக் ஆட்கள். அனுபவசாலிப் பிட்சர் ஒரு புது வீச்சைப் பழகுவதற்காக அதையே திரும்பத் திரும்ப வீசுவார். அடி வாங்கினாலும் கவலைப்பட மாட்டார். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். 40 முறை மட்டை பிடித்ததை வைத்து ஒரு வீரரை எடை போடுவது தவறு என்று கிளப்புகள் சொல்வது சரியே. அப்படியென்றால் .425 அடித்தவரை அனுப்புவது மட்டும் தவறாகிவிடாது. இரண்டு ஆண்டு மைனர் லீகில் அவர் என்ன செய்தார், அவர் இடத்தில் யாரை இறக்குகிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வென்ற பிறகு வேலை போன கதை: ஜே.டி. டேவிஸ், 2024

மார்ச் மாதச் சர்ச்சை இளம் வீரர்களோடு முடிவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மூன்றாம் பேஸ் வீரர் ஜே.டி. டேவிஸ் 2024 பிப்ரவரியில் ஆர்பிட்ரேஷன் விசாரணையில் கிளப்பைத் தோற்கடித்தார். கிளப் சொன்ன தொகை 65.5 லட்சம் டாலர். அவர் கேட்டுப் பெற்றது 69 லட்சம். மார்ச் தொடக்கத்தில் கிளப் அதே இடத்துக்கு மேட் சாப்மனை மூன்று ஆண்டுக்கு 5.4 கோடி டாலருக்கு எடுத்தது. மார்ச் 11 அன்று டேவிஸை நீக்கியது.

பேசி முடித்த ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தங்களுக்கு 2022 முதல் முழு உத்தரவாதம் உண்டு. விசாரணைக்குப் போய்த் தீர்ப்பில் கிடைத்த சம்பளத்துக்கு அது இல்லை. சீசன் தொடங்குவதற்கு 16 நாள் முன்பு வரை நீக்கினால் 30 நாள் சம்பளம் கொடுத்தால் போதும். அதற்குப் பின் நீக்கினால் 45 நாள். 69 லட்சத்தை 186ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 11 லட்சத்து 13 ஆயிரம் டாலர் வருகிறது. அவருக்குக் கிடைத்தது அதுதான். பிறகு ஓக்லாந்து அவரை 25 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டையும் சேர்த்தாலும் வென்ற தொகையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

விதிப்படி நடந்ததுதான். ஆனாலும் 3.5 லட்சம் டாலர் வித்தியாசத்துக்காக விசாரணை வரை போன வீரருக்கு உத்தரவாதம் இல்லை, பேசி முடித்தவருக்கு உண்டு என்ற விதி நியாயமற்றது. விசாரணைக்குப் போக வீரர்கள் அஞ்சினால் அந்த உரிமையே பொருளற்றுப்போகும்.

2022 ஒப்பந்தம் எதை மாற்றியது?

99 நாள் கதவடைப்புக்குப் பின் வந்த 2022 ஒப்பந்தம் இந்தச் சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்து தொட்டது.

முதலாவது, கிளப்புக்குப் பரிசு. இளம் வீரர்களை வரிசைப்படுத்தும், அங்கீகரிக்கப்பட்ட மூன்று முதல்-100 பட்டியல்களில் இரண்டிலாவது இடம்பெற்ற புதுமுகத்தை, முழு ஆண்டு சேரும்படி தொடக்கத்திலிருந்தே அணியில் வைத்திருந்து, அவர் சிறந்த புதுமுக விருதை வென்றால் கிளப்புக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு உண்டு. ஆர்பிட்ரேஷனை எட்டும் முன் எம்.வி.பி. அல்லது சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தாலும் அது கிடைக்கும். 2022இல் ஹூலியோ ரோட்ரிகேஸைத் தொடக்க நாளிலேயே இறக்கிய சியாட்டில் இப்படி ஒரு வாய்ப்பைப் பெற்றது. முந்தைய ஆண்டு மேதர் தலைகுனிய வைத்த அதே கிளப்தான்.

இரண்டாவது, வீரருக்கு ஈடு. அப்படிப்பட்ட புதுமுகம் எப்போது அழைக்கப்பட்டாலும், சிறந்த புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அவருக்கு முழு ஆண்டு சர்வீஸ் டைம் வழங்கப்படும். பால்டிமோரின் ஆட்லி ரட்ஷ்மன் 2022இல் மே 21 அன்றுதான் வந்தார். இரண்டாம் இடம் பிடித்து முழு ஆண்டைப் பெற்றார். பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸ் 2024இல் மே 11 அன்று அறிமுகமாகி 133 இன்னிங்ஸில் 170 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்; ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன்) 1.96, விருதையும் வென்றார். அவருக்கு முழு ஆண்டு. கிளப்புக்கோ கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பும் இல்லை, கூடுதல் ஆண்டும் இல்லை. ஸ்கீன்ஸ் முந்தைய கோடையில்தான் கல்லூரியிலிருந்து வந்தவர், இளம் பிட்சரின் தோள்பட்டைச் சுமையைக் கட்டுப்படுத்தும் தேவையும் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்தச் சுமையை மேஜர் லீகிலேயே கட்டுப்படுத்தியிருக்கலாம்.

மார்ச் செய்தியைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ‘ஆப்ஷன்’ என்று இருக்கிறதா, ‘மைனர் லீக் முகாமுக்கு மாற்றம்’ என்று இருக்கிறதா? ஆப்ஷன் என்றால் 20 நாள் எல்லையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மாற்றம் என்றால் சீசன் நாள்களிலிருந்து 171ஐக் கழியுங்கள். அத்தனை நாள் கழிந்த மறுநாள் முதல் அழைப்பு வரலாம்.

2. அழைப்பு ஏப்ரல் நடுவில் வராமல் ஜூன் வரை இழுத்தால், சூப்பர் டூ எல்லைக்கும் கீழே வைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

3. முதல்-100 பட்டியலில் இருப்பவரா? இல்லாவிட்டால் 2022இன் பரிசும் ஈடும் அவருக்குப் பொருந்தாது. பழைய கணக்கு அப்படியே நிற்கிறது.

4. ஆறு ஆண்டு முடித்த மூத்த வீரர் முந்தைய சீசனை மேஜர் லீகில் முடித்துவிட்டு மைனர் லீக் ஒப்பந்தத்தில் முகாமில் இருந்தால், தொடக்க நாளுக்கு ஐந்து நாள் முன்பு வரும் கெடுவைக் கவனியுங்கள். அணியில் சேர்க்காவிட்டால் அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அந்த வாரத்தில் திடீரென நடக்கும் விடுவிப்புகளில் பல இதனால்தான்.

5. ‘60 நாள் காயப் பட்டியல்’ என்ற செய்தி வந்தால் 40 பேர் பட்டியலில் ஓர் இடம் காலி. அந்த இடம் யாருக்குப் போகிறது என்பது காயத்தைவிடப் பெரிய செய்தியாக இருக்கலாம்.

இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்குமானது. அடுத்த பேச்சுவார்த்தையில் பார்க்க வேண்டியது ஒன்று: விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடிக்கும் புதுமுகத்துக்கு இன்றும் ஒரு நாளும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. 171க்கும் 172க்கும் நடுவே ஒரு முழு ஆண்டு தொங்கிக்கொண்டிருக்கும் வரை, எந்த ஈடும் சில நட்சத்திரங்களை மட்டுமே காப்பாற்றும். சேர்ந்த நாள்களைப் பின்னமாகவே ஏற்று, ஐந்தரை ஆண்டு அல்லது ஒரு குறிப்பிட்ட வயது என்று ஃப்ரீ ஏஜென்சி எல்லையை வைத்தால், ஏப்ரலில் ஒருவரை ஒளித்துவைத்துக் கிளப்புக்கு ஆகப்போவது எதுவுமில்லை.